நீரிலிருந்து ஹைட்ரஜன்: எம்முறை எவ்விடத்துக்கு ஏற்றது?

அண்மையில் குளுவாங் வட்டாரத் தோட்டம் ஒன்றில் மாலைக் கூட்டம் முடிந்து விடைபெறும் வேளையில், பால்மரம் சீவும் முதிய தொழிலாளி ஒருவர் நம்மை நிறுத்தி ஒரு வினா விடுத்தார். "ஐயா, சரவாக்கில் தண்ணீரைக் கொண்டு பேருந்து ஓட்டுகிறார்களாமே, உண்மைதானா?" என்பதே அவ்வினா.

அவர் அவ்வாறு கேட்டதற்குக் காரணம் இருந்தது. அதற்கு முந்திய வாரம் ஒருவர் லயத்துக்கு வந்து, மோட்டார் சைக்கிளில் சிறு குப்பி ஒன்றைப் பொருத்திக்கொண்டால் தண்ணீரே எரிபொருளாகும், பெட்ரோல் செலவு பாதியாகக் குறையும் என்று கூறி, முன்பணம் கேட்டுச் சென்றிருக்கிறார். சரவாக் பேருந்துகளையே அவர் சான்றாகக் காட்டினாராம். "பேருந்து ஓடும்போது நம் மோட்டார் சைக்கிள் ஓடாதா?" என்பது பெரியவருடைய மகனின் வாதம். தந்தைக்கோ ஐயம்.

அவ்விடத்தில் சுருக்கமாக விடை கூறினோம். ஆயினும், இவ்வினா பல தோட்டங்களில் எழக்கூடியது. விடை தெரியாவிடில் உழைத்த பணம் வீணாகும். எனவே இதனை இத்திங்கள் பாடமாக எடுத்துக்கொள்வோம்.

சரவாக்கில் நடந்தது என்ன?

2019ஆம் ஆண்டு மே மாதத்தில், கூச்சிங் நகரில் ஹைட்ரஜன் வாயுவை உற்பத்தி செய்து வாகனங்களுக்கு நிரப்பும் நிலையம் ஒன்று திறக்கப்பட்டது. தென்கிழக்காசியாவில் இவ்வகை நிலையங்களுள் அதுவே முதலாவது. நாள் ஒன்றுக்கு 130 கிலோ ஹைட்ரஜனைத் தரக்கூடியதாக அது அமைக்கப்பட்டது. அதனைக் கொண்டு ஓடும் மூன்று பேருந்துகளும் வாங்கப்பட்டன.

அப்பேருந்துகளில் நிரப்பப்படுவது தண்ணீர் அன்று, ஹைட்ரஜன் வாயு. அவ்வாயு பேருந்தினுள் உள்ள எரிபொருள் கலத்தில் காற்றிலுள்ள பிராணவாயுவோடு சேர்கிறது. அச்சேர்க்கையில் மின்சாரம் பிறந்து மோட்டாரைச் சுழற்றுகிறது. வெளியேறுவது நீராவி மட்டுமே. அந்த ஹைட்ரஜன், நிலையத்தில் மின்சாரத்தைச் செலவிட்டுத் தண்ணீரிலிருந்து பிரிக்கப்படுகிறது. "மின்சாரத்தைச் செலவிட்டு" என்னும் இச்சொற்களையே குப்பி விற்க வந்தவர் மறைத்துவிட்டார்.

நீரைப் பிரிப்பது எப்படி?

குளுவாங் இரயில் நிலையக் காப்பிக் கடையில் கொதிக்கும் கெண்டியைப் பலரும் கண்டிருப்பீர்கள். அதிலிருந்து எழுவது நீராவி. ஆவியும் தண்ணீரே, குளிர்ந்தால் மீண்டும் துளியாகிவிடும். சூடாக்குவதால் தண்ணீர் பிரிவதில்லை, வடிவந்தான் மாறுகிறது. தண்ணீரை ஹைட்ரஜன், பிராணவாயு என்னும் இரண்டு வாயுக்களாகப் பிரிப்பது வேறு செயல். இதற்கு மின்பகுப்பு என்று பெயர். 1800ஆம் ஆண்டில், மின்கல அடுக்கு கண்டுபிடிக்கப்பட்ட செய்தி இலண்டனை எட்டிய சில வாரங்களுக்குள், நிக்கல்சன், கார்லைல் என்னும் இருவர் இதனைச் செய்து காட்டினர்.

இதனை வீட்டிலேயே காணலாம். ஒரு கண்ணாடிக் குவளையில் தண்ணீர் ஊற்றி, அரைத் தேக்கரண்டி ஆப்பச் சோடாவைக் கரையுங்கள். இரண்டு பென்சில்களை இரு முனைகளிலும் சீவி நீரில் நிறுத்தி, மேல் முனைகளை 9 வோல்ட் பேட்டரியின் இரு முனைகளோடு கம்பியால் இணையுங்கள். நீரிலுள்ள பென்சில் முனைகளில் குமிழிகள் எழும். பேட்டரியின் எதிர்முனையோடு இணைந்த பென்சிலில் குமிழிகள் மிகுதியாக இருக்கும், அது ஹைட்ரஜன். மற்றதில் குறைவாக எழுவது பிராணவாயு. தண்ணீரில் ஹைட்ரஜன் இரண்டு பங்கும் பிராணவாயு ஒரு பங்கும் இருப்பதே இதற்குக் காரணம்.

இங்கே எச்சரிக்கை ஒன்று. சாப்பாட்டு உப்பைக் கரைக்கலாகாது. கரைத்தால் குளோரின் என்னும் நச்சு வாயு வெளிப்படும். வீட்டு மின்சாரத்தை இணைக்கலாகாது. குவளையை மூடுவதும் அருகில் நெருப்புக் குச்சி கிழிப்பதும் ஆபத்து. காற்றில் நூற்றுக்கு நான்கு பங்கு ஹைட்ரஜன் கலந்தாலே அது தீப்பற்றும். பிள்ளைகள் செய்யும்போது பெரியவர்கள் உடனிருத்தல் வேண்டும்.

கணக்கு சொல்லும் உண்மை

ஒரு கிலோ ஹைட்ரஜனைப் பெற 9 கிலோ தண்ணீர் பிரிய வேண்டும். அதற்குக் கொள்கையளவில் ஏறத்தாழ 39 யூனிட் மின்சாரம் தேவை. இன்றைய நல்ல ஆலைகளில் நடைமுறையில் 50 முதல் 55 யூனிட் வரை செலவாகிறது. அந்த ஒரு கிலோவை எரிபொருள் கலத்தில் இட்டு மீண்டும் மின்சாரமாக்கினால், நமக்குக் கிடைப்பது ஏறத்தாழ 17 யூனிட்டே. ஐம்பதைக் கொடுத்துப் பதினேழைப் பெறுகிறோம்.

இப்போது மோட்டார் சைக்கிள் குப்பியை நினைத்துப் பாருங்கள். குப்பியிலுள்ள தண்ணீரைப் பிரிக்க மின்சாரம் வேண்டும். அம்மின்சாரம் வண்டியின் பேட்டரியிலிருந்து வருகிறது. பேட்டரிக்கு ஊட்டுவது இயந்திரம். இயந்திரத்துக்கு ஊட்டுவது பெட்ரோல். ஒவ்வொரு படியிலும் இழப்பு ஏற்படுகிறது. ஆகவே குப்பி தருவதைக் காட்டிலும் தின்பதே மிகுதி.

இதனைக் கேட்ட அப்பெரியவர் சற்று எண்ணிப் பார்த்து, "அப்படியானால் தண்ணீர் வெறும் மங்கு மாதிரிதான் ஐயா, பால் மரத்திலிருந்துதானே வரவேண்டும்!" என்றார். நாம் ஒரு மணி நேரம் கூறியதை அவர் ஒரே வரியில் கூறிவிட்டார். மரம் என்பது இங்கே மின்சாரம். இவ்வுவமையை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

இழப்பு உண்டெனில் ஏன் செய்ய வேண்டும்?

நியாயமான கேள்வி. இதற்கு விடை நம் தோட்டத்திலேயே இருக்கிறது. பால் உறையாதிருக்க விடும் அம்மோனியாவை நீங்கள் அறிவீர்கள். அதன் நெடி கண்ணில் நீர் வரவழைக்கும். மரங்களுக்கும் செம்பனைக்கும் இடும் யூரியா உரமும் அம்மோனியாவிலிருந்தே செய்யப்படுகிறது. ஒரு டன் அம்மோனியாவில் ஏறத்தாழ 177 கிலோ ஹைட்ரஜன் அடங்கியுள்ளது. எனவே ஹைட்ரஜன் நமக்குப் புதியவரல்லர். பல்லாண்டுகளாக வேறு பெயரில் நம் தோட்டத்துக்கு வந்து போகின்றவரே.

பிந்துலுவில் 1985ஆம் ஆண்டு முதலும், பின்னர் கெடாவின் குருண் போன்ற இடங்களிலும் இயங்கிவரும் உர ஆலைகள் இயற்கை எரிவாயுவிலிருந்தே ஹைட்ரஜனை எடுக்கின்றன. இம்முறை மலிவானது. ஆனால் ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு ஏறத்தாழ 9 முதல் 10 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. 2023ஆம் ஆண்டில் உலகம் பயன்படுத்திய ஹைட்ரஜன் ஏறத்தாழ 9.7 கோடி டன். அதில் தூய வழிகளில் கிடைத்தது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. பருவம் தவறிப் பெய்யும் மழையால் வெட்டு நாள்களை இழக்கும் நமக்கு, வானிலை கெடுவதன் விலை என்னவென்று எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆகவே, உரம், எஃகு, கப்பல் எரிபொருள் போன்ற வேறு வழியில்லாத இடங்களுக்குத் தூய ஹைட்ரஜன் வேண்டும். அதற்கு நான்கு முறைகள் உள்ளன. ஒவ்வொன்றின் குணத்தையும் காண்போம்.

முதலாவது: காரக் கரைசல் முறை

இதுவே மூத்த முறை. நூறாண்டுக்கும் மேலாக வழக்கில் உள்ளது. பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்னும் காரத்தை நூற்றுக்கு 25 முதல் 30 பங்கு கரைத்த நீரில் நிக்கல் தகடுகள் நிற்கும். வெப்பம் 60 முதல் 90 பாகை செல்சியஸ். இரு வாயுக்களும் கலந்துவிடாமல் இடையில் ஒரு தடுப்புத்திரை இருக்கும். முற்காலத்தில் கல்நார்த் திரை பயன்பட்டது. அது நுரையீரலுக்குக் கேடு என்று அறிந்தபின் வேறு திரைகள் வந்துள்ளன.

இம்முறையில் விலையுயர்ந்த உலோகம் தேவையில்லை. கலங்கள் 60,000 மணி நேரம், அதாவது இடைவிடாது ஓடினால் ஏறத்தாழ 7 ஆண்டு, உழைக்கக்கூடியவை. குறை யாதெனில், இது நிதானமான உழைப்பாளி. சீரான மின்சாரத்தை விரும்புவது. மின்சாரம் மிகவும் குறைந்தால், உற்பத்தியாகும் வாயுவின் அளவும் குறையும். ஆனால் திரை வழியே கசிவது குறையாது. அப்போது இரு வாயுக்களும் ஆபத்தான அளவுக்குக் கலக்கக்கூடும் என்பதால் கலத்தை நிறுத்த நேரிடும்.

இரண்டாவது: புரோட்டான் சவ்வு முறை

1960களில் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனம் விண்வெளிப் பயணத்துக்கான மின்கலங்களை ஆராய்ந்தபோது உருவான முறை இது. காரக் கரைசலுக்குப் பதிலாக, தாள் போன்ற மெல்லிய சவ்வு ஒன்று இரு மின்வாய்களுக்கிடையே இறுக்கி வைக்கப்படுகிறது. ஊற்றுவது தூய நீர் மட்டுமே. கருவி சிறியது, கிடைக்கும் வாயு மிகத் தூயது. மேகம் வந்து சூரிய மின்சாரம் குறைந்தாலும், மேகம் விலகிக் கூடினாலும், நொடிகளில் தன்னைச் சரிசெய்துகொள்ளும்.

ஆனால் இதற்குப் பிளாட்டினமும் இரிடியமும் வேண்டும். இரிடியம் உலகம் முழுவதும் ஆண்டுக்குப் பத்து டன்னுக்கும் குறைவாகவே தோண்டியெடுக்கப்படுகிறது. அதிலும் பெரும்பங்கு தென்னாப்பிரிக்காவிலிருந்து வருகிறது. ஆதலால் கருவியின் விலை உயர்வு.

மூன்றாவது: பீங்கான் கல முறை

இதில் தண்ணீருக்குப் பதில் நீராவி செலுத்தப்படுகிறது. கலம் பீங்கான் வகையைச் சேர்ந்தது. வெப்பமோ 700 முதல் 850 பாகை. வெப்பமே வேலையின் ஒரு பகுதியைச் செய்துவிடுவதால் மின்சாரம் குறைவாகச் செலவாகிறது. நீராவியை வெளியிலிருந்து கொடுத்தால், ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 40 யூனிட் போதும். எனவே வெப்பம் வீணாகும் உர ஆலை, எஃகு ஆலை ஆகியவற்றின் அருகில் இது சிறக்கும்.

ஆயினும், சூடான கண்ணாடிக் குவளையில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் என்னவாகும் என்பதை அறிவோம். அடிக்கடி சூடேற்றிக் குளிர்வித்தால் பீங்கானும் விரிசல் காணும். நிறுத்தி நிறுத்தி ஓட்டும் இடத்துக்கு இது பொருந்தாது. இதன் ஆயுளும் முதலிரண்டைவிடக் குறைவு.

நான்காவது: காரச் சவ்வு முறை

இது இளைய முறை. முதல் முறையின் மலிவான நிக்கலையும் இரண்டாம் முறையின் மெல்லிய சவ்வையும் ஒன்றுசேர்க்கும் முயற்சி. காரம் மிகச் சிறிதளவே போதும், இரிடியம் வேண்டியதில்லை. சவ்வு நெடுங்காலம் உழைக்குமா என்பதுதான் இன்னும் மெய்ப்பிக்கப்பட வேண்டியுள்ளது. இந்தியாவின் அசாம் மாநிலத்து ஜோர்ஹாட்டில், ஆயில் இந்தியா நிறுவனம் 2022ஆம் ஆண்டு ஏப்ரலில் இம்முறையில் நாளொன்றுக்கு 10 கிலோ தரும் சிறு ஆலையைச் சூரிய மின்சாரத்தின் துணையோடு தொடங்கியது. தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்த ஊர் அது.

இரண்டு படிப்பினைகள்

இம்முறைகளுள் எது சிறந்தது என்று கேட்டால், எத்தகைய மின்சாரம் கையில் இருக்கிறது என்று திருப்பிக் கேட்க வேண்டும். இதற்கு இரண்டு சான்றுகள் காட்டுவோம்.

இந்தியாவின் பஞ்சாப் மாநிலத்தில் பக்ரா அணைக்கு அருகே நங்கல் என்னும் ஊர் உள்ளது. 1960களின் தொடக்கத்தில் அங்கே பெரியதோர் உர ஆலை எழுந்தது. அணையின் மலிவான நீர்மின்சாரத்தைக் கொண்டு, காரக் கரைசல் முறையில் தண்ணீரைப் பிரித்து, அந்த ஹைட்ரஜனிலிருந்து உரம் செய்தனர். ஆகவே இத்தொழில்நுட்பம் நேற்றுப் பிறந்ததன்று. ஆனால் காலப்போக்கில் வீடுகளும் வயல்களும் தொழிற்சாலைகளும் அம்மின்சாரத்தைக் கேட்டன, தட்டுப்பாடு வந்தது. 1970களின் இறுதியில், எரியெண்ணெயிலிருந்து ஹைட்ரஜன் எடுக்கும் ஆலை அங்கே அமைந்தது. தண்ணீர் வற்றவில்லை, கருவி பழுதாகவில்லை. மலிவான மின்சாரம் கிடைக்காமற்போனதே காரணம்.

மற்றது சீனாவின் சின்ஜியாங் பகுதியிலுள்ள குச்சா. 2023ஆம் ஆண்டு ஜூன் இறுதியில், ஆண்டுக்கு 20,000 டன் தரும் நோக்கத்தோடு மாபெரும் ஆலை ஒன்று அங்கே தொடங்கப்பட்டது. அதுவும் காரக் கரைசல் முறையே. ஆனால் ஏறி இறங்கும் சூரிய மின்சாரத்தை நம்பி அமைந்தது. மின்சாரம் தாழ்ந்த வேளைகளில் கலங்களைப் பாதுகாப்பாக ஓட்ட இயலாமல், முதல் மாதங்களில் எதிர்பார்த்ததில் ஒரு சிறு பங்கே கிடைத்ததாகச் செய்திகள் வெளிவந்தன. கருவி தாழ்ந்ததன்று; துணைதான் பொருந்தவில்லை.

நம் நாட்டுக்கு எது பொருந்தும்?

சரவாக்கில் பாக்கூன் அணை 2,400 மெகாவாட்டும், முரும் அணை 944 மெகாவாட்டும் தரக்கூடியவை. நீர்மின்சாரம் இரவும் பகலும் சீராக வரும். அத்தகைய இடத்தில் மூத்த முறையான காரக் கரைசல் முறையே மலிவாக வேலை செய்யும்.

தீபகற்ப மலேசியாவில் நிலைமை வேறு. இங்கு மின்சாரத்தின் பெரும்பகுதி நிலக்கரியையும் எரிவாயுவையும் எரித்தே பெறப்படுகிறது. அம்மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்தால் புகை குறையாது. இடம் மாறும், அவ்வளவே. அணை போன்ற வாய்ப்பு குறைந்த ஜொகூருக்குச் சூரியனே பெருந்துணை. ஆனால் சூரிய மின்சாரத்தின் இயல்பு நம் பால் வெட்டைப் போன்றது. வெட்டுக்கு விடியற்காலை ஏற்றது. மழை பெய்தால் அன்றைக்கு வேலை இல்லை. சூரியத் தகட்டுக்கோ நடுப்பகல் ஏற்றது. மேகம் மூடினால் அன்றைக்கு வரவு இல்லை. முழு வெயிலாகக் கணக்கிட்டால் நாளொன்றுக்கு ஏறத்தாழ நான்கு மணி நேரமே தேறும். எனவே இங்கு விரைந்து இசைந்துகொடுக்கும் சவ்வு முறைகளே பொருந்தும். ஆனால் விலையுயர்ந்த கருவி மீதி இருபது மணி நேரமும் சும்மா கிடக்கும். அந்தச் செலவும் வாயுவின் விலையில் ஏறும். தமிழ்நாட்டின் தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகத்தில் 2025ஆம் ஆண்டு செப்டம்பரில் தொடங்கிய ஆலை, மணிக்கு 10 கன மீட்டர், அதாவது ஒரு கிலோவுக்கும் குறைவான அளவே தருவது. துறைமுகக் குடியிருப்பின் தெருவிளக்குகளுக்கும் மின்வாகனங்களுக்கும் அது பயன்படுகிறது. முதலில் சிறிதாகச் செய்து கற்றுக்கொள்வது அறிவுடைமை.

விலையையும் ஒரு கணக்காகப் பார்ப்போம். ஒரு கிலோவுக்கு 50 யூனிட் என்று கொள்வோம். யூனிட் 30 காசு எனில் மின்சாரச் செலவு மட்டும் 15 வெள்ளி. யூனிட் 10 காசு எனில் 5 வெள்ளி. கருவியைச் செம்மைப்படுத்தி 50 யூனிட்டை 45 ஆக்கினால் மிச்சம் பத்திலொரு பங்கு. மின்சார விலை மூன்றிலொன்றானால் மிச்சம் மூன்றில் இரண்டு பங்கு. மங்கை மாற்றுவதைவிட மரத்தைப் பேணுவதே பெரும்பயன் என்பது இக்கணக்கின் பொருள்.

நமக்கு இதில் என்ன உண்டு?

2023ஆம் ஆண்டு அக்டோபரில் நம் அரசாங்கம் ஹைட்ரஜன் பொருளாதாரத்துக்கும் தொழில்நுட்பத்துக்குமான தேசிய வழிகாட்டித் திட்டத்தை வெளியிட்டது. இதனால் நாளையே தோட்டத்தில் உர விலை குறையும் என்று நாம் கூறமாட்டோம். அவ்வாறு கூறுவது உண்மையாகாது. இவ்வாலைகள் வளரும்போது வேலைகள் தோன்றும் என்று மட்டும் கூறலாம். அவற்றுக்கு வேண்டியவர்கள் மின்வினைஞர், குழாய் பொருத்துநர், வெல்டர், வாயுக் கசிவைக் கண்காணிப்பவர், நீர் சுத்திகரிப்பாளர் ஆகியோரே. இவை தொழிற்கல்வி நிலையங்களில் பயிலக்கூடிய கைத்தொழில்கள். அறிவியலிலும் கணிதத்திலும் ஆர்வம் காட்டும் பிள்ளையை இடைநிலைக் கல்வியோடு நிறுத்திவிடாமல், அத்தகைய பயிற்சிக்கு அனுப்புவது பெற்றோர் கையில் உள்ளது.

இனி எவரேனும் ஹைட்ரஜனைப் பற்றிப் பெருமை பேசி உங்களிடம் பணமோ ஒப்பமோ கேட்டால், மூன்று வினாக்களை எழுப்புங்கள். முதலாவது, மின்சாரம் எங்கிருந்து வருகிறது? இரண்டாவது, ஒரு கிலோவுக்கு எத்தனை யூனிட் செலவு? மூன்றாவது, கருவி ஒரு நாளில் எத்தனை மணி நேரம் ஓடும்? நேர்மையானவர் மூன்றுக்கும் விடை தருவார். விடை தராதவருக்கு முன்பணம் தர வேண்டியதில்லை.

பயிற்சி வினாக்கள்

1. கெண்டியிலிருந்து எழும் ஆவிக்கும் மின்பகுப்பில் எழும் வாயுக்களுக்கும் உள்ள வேறுபாடு என்ன?

2. இரவும் பகலும் சீரான மின்சாரம் உள்ள ஊருக்கு எம்முறையைத் தேர்வீர்கள்? ஏன்?

3. ஒரு டன் அம்மோனியாவுக்கு வேண்டிய 177 கிலோ ஹைட்ரஜனைத் தண்ணீரிலிருந்து பெற, கிலோவுக்கு 50 யூனிட் வீதம் எத்தனை யூனிட் மின்சாரம் தேவை?

மூன்றாம் வினாவின் விடை 8,850 யூனிட். முதலிரண்டின் விடைகளை வீட்டில் பிள்ளைகளோடு கலந்து பேசி, அவர்கள் வாயாலேயே சொல்லக் கேளுங்கள்.